இயற்கை மையத் துணைக் குழுவின் செயற்குழுவில் சேர நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்குநேரிப் பக்கம் ஒரு குளக்கரையில் இருக்கும் இயற்கை மையத்துக்குத் துணையாக இயங்கும் தன்னார்வக் குழு எங்களுடையது. பொதுக்குழு கூடிப் புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தால், "நானும் நிற்கலாமா, என்ன வேலை இருக்கும்?" என்று பலர் கேட்கிறார்கள். போனில் பாதியும் மீதியுமாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது. செயற்குழுவில் இருக்கும் ஒருவனாக எழுதுகிறேன். சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் வரும்.

மையத்தை நடத்துவது நீங்கள்தானா?

இல்லை. இது முதலிலேயே தெளிவாகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கட்டடமும் பார்வைக் கோபுரமும் வனத்துறையுடையவை. குளம் நீர்வளத்துறையின் கணக்கில் இருக்கிறது. தண்ணீர் அந்தக் குளத்துப் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு உரியது. மீன்பாசி குத்தகை எடுத்தவர் இன்னொருவர். எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் இரும்பு அலமாரி, சில தொலைநோக்கிகள், பறவைப் படங்கள் ஒட்டிய அட்டைகள், ஒரு வங்கிக் கணக்கு, இவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகள் வரும்போது கூட நின்று பறவைகளைக் காட்டுவது, கணக்கெடுப்புக்கு ஆள் திரட்டுவது, மையத்துக்குத் தேவையான சின்னச் சின்னப் பொருள்களை வாங்கித் தருவது, ஊருக்கும் துறைக்கும் நடுவே பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. செயற்குழு உறுப்பினர் என்ற அட்டையைக் காட்டி சரணாலயத்துக்குள் நினைத்த நேரத்தில் போகலாம், கூட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம் என்று நினைத்தால், அது நடக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். நாமே மீறினால் பிறகு யாரிடமும் வாய் திறக்க முடியாது.

பறவைகளைப் பற்றி நிறையத் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பறவை அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் பொதுவாக எங்களிடம் போதுமான அளவு இருக்கிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர், துறைக்கு அனுப்பும் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடிக்கத் தெரிந்தவர், சுற்றியுள்ள ஊர்களில் நாலு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர், இவர்கள்தான் கிடைப்பதில்லை.

ஆனால் பறவைகளின் ஆண்டு எப்படிப் போகிறது என்பது செயற்குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் பெருகியதும், டிசம்பர் வாக்கில் பறவைகள் வரத் தொடங்கும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து ஜூன், ஜூலையில் கிளம்பும். இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் இங்கே கூடு கட்டுவதில்லை, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும்.

கோபுரத்துக்குப் பெயின்ட் அடிப்பதா, விழாவுக்கு மைக் வைப்பதா, ட்ரோன் விடலாமா என்று எது மேசைக்கு வந்தாலும் இந்த ஆண்டுக்கணக்கை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். ஏப்ரல் மாத மத்தியான வெயிலில் கரையில் நின்று ஒரு நாரைக் கூட்டைத் தொலைநோக்கியில் பாருங்கள். தாயோ தகப்பனோ, ஒன்று சூரியனுக்கு முதுகு காட்டி, இறக்கையை அரைவட்டமாக விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்த நிழலுக்குள் இறகு முளைக்காத குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு சத்தத்தில் பெரிய பறவை எழுந்துவிட்டால் குஞ்சின் மேல் நேர் வெயில் விழும். காகம் எங்கிருந்துதான் வருமோ, வந்துவிடும். கூடு இருக்கும் மாதங்களில் சத்தம் கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்?

மாதம் ஒரு கூட்டம். அதற்கு முன் அனுப்பும் தாள்களைப் படிக்க ஒரு மாலை. இவை குறைந்தபட்சம். ஜனவரியில் வேலை குவியும், ஏனென்றால் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கலை ஒட்டிய பறவைக் கணக்கெடுப்பும் அந்த மாதத்தில்தான் வரும். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், அக்டோபர் முதல் வாரம் வனவுயிர் வாரம், இரண்டுக்கும் பள்ளிகளிலிருந்து கூப்பிடுவார்கள்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் கூடும்போது, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் பிளாஸ்டிக் போகாமல் பார்க்கத் தொண்டர்கள் தேவைப்படுகிறார்கள். எங்கள் உறுப்பினர்களில் சிலர் அதற்கும் போகிறார்கள். அது செயற்குழுக் கடமை அல்ல, விருப்பம் இருந்தால் போகலாம்.

இந்த வருடம் வீட்டில் கல்யாணம், வீடு கட்டும் வேலை, பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்று ஏதாவது இருந்தால் அடுத்த முறை நில்லுங்கள். பேர் மட்டும் பட்டியலில் இருந்து ஆள் வராவிட்டால், கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்கு (கோரம்) சேராமல் கூட்டமே தள்ளிப்போகிறது.

சம்பளம், படி ஏதாவது உண்டா?

கிடையாது. குழு வேலைக்காகப் போன பஸ் செலவை டிக்கெட்டோடு கொடுத்தால் குழுவின் துணைவிதிப்படி (பைலாப்படி) திரும்பக் கிடைக்கும்.

சட்டப்படி என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

எங்கள் குழு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. அந்தச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய 7 பேராவது வேண்டும், செயற்குழுவில் 3 பேராவது இருக்க வேண்டும். செயற்குழுவின் காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, ஆனால் அதே ஆள் மறுபடியும் தேர்வாகலாம். ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, அப்புறம் அதை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது என்று ஒரு வரிசை உண்டு. செயற்குழுவில் ஆள் மாறினால் படிவம் 7-இல் தெரிவிக்க வேண்டும். துணைவிதியைத் திருத்த வேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்போடு கூட்டம் போட்டு, வந்தவர்களில் நாலில் மூன்று பங்குப் பேரின் ஒப்புதலோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எங்கள் துணைவிதியை மட்டும் ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். "பைலாவில் என்ன இருக்கிறது" என்று கூட்டத்துக்கு நடுவில் தேடுவதில் போகும் நேரம் கொஞ்சமல்ல.

பணத்தைப் பொருளாளர் பார்த்துக்கொள்வாரே, மற்றவர்களுக்கு என்ன?

மற்றவர்களுக்கும் சமமான பொறுப்பு. நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பொருளாளராக இருப்பார், நேர்மையானவர், ஊரே மதிக்கும். அவரிடம் போய், "அண்ணாச்சி, கணக்கு நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்கக் கூச்சப்படுவோம். கேட்டால், "என்னடே, எம்மேல சந்தேகமா?" என்று வந்துவிடுமோ என்ற பயம். அதனால் யாரும் கேட்பதில்லை. வருடங்கள் போகும். பிறகு ஒரு நாள் யாரோ டீக்கடையில் ஒரு வார்த்தை விடுவார்கள், அதற்குப் பதில் சொல்ல அண்ணாச்சியிடம் அவருடைய நல்ல பேரைத் தவிர வேறு எதுவும் இருக்காது. நாம் மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பேச்சு எழும்போதே அடங்கியிருக்கும். கணக்குக் கேட்பது அவரைக் காப்பாற்றுவதற்காக. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எங்கள் கூட்டத்தில் முதல் வேலை இதுதான். வங்கிப் பாஸ்புக், ரொக்கப் புத்தகம், ரசீதுப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரசீது எண்கள் வரிசையாக இருக்கின்றனவா? ரத்தான ரசீதின் மூலத்தாள் கிழிபடாமல் புத்தகத்திலேயே இருக்கிறதா? செலவு ஒவ்வொன்றுக்கும் வவுச்சரும் கடைப் பில்லும் இருக்கின்றனவா? கையிருப்பு என்று எழுதியிருக்கும் ரொக்கம் பெட்டியில் உண்மையில் இருக்கிறதா? செக்கில் இரண்டு பேர் கையெழுத்து. யுபிஐ க்யூஆர் அட்டை குழுவின் வங்கிக் கணக்கோடு மட்டுமே இணைந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு என்று ஒருவரின் சொந்த நம்பரைக் கொடுப்பதை நாங்கள் ஏற்பதில்லை, அவர் யாராக இருந்தாலும் சரி.

"ஆடிட்டர் பார்ப்பாரே" என்பார்கள். ஆடிட்டர் வருடம் முடிந்த பிறகு வருகிறார். ஜூனில் நடந்ததை அடுத்த வருடம் கண்டுபிடித்து என்ன பயன்?

இன்னொன்று. பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்க என்று சொல்லி ஒருவர் தந்த பணம் தொலைநோக்கிக்குத்தான். ஆண்டு விழாச் சாப்பாட்டுக்கு எடுத்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு வந்தால், புதிய உறுப்பினர் என்று பார்க்காமல் எதிர்த்துப் பேசுங்கள். வரிச்சலுகை கேட்கும் நன்கொடையாளருக்கு ஒரு விஷயம் மறக்காமல் சொல்ல வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது, செக்காகவோ வங்கி வழியாகவோ தரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் பணம் அனுப்பலாமா?

ஆளைப் பொறுத்தது. துபாயில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை அவர் கையில் இருந்தாலும் ஆகும். அப்படிப்பட்ட பணத்தை வாங்க மத்திய உள்துறை அமைச்சகத்தில் தனிப் பதிவும், டெல்லியில் ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். எங்களிடம் அவை இல்லை. அதனால் அன்போடு மறுத்துவிடுகிறோம். ஆசையாக அனுப்புபவரின் மனம் கோணுமே என்று வாங்கி வைத்துக்கொள்வது பெரிய தொல்லையில் கொண்டுபோய் விடும்.

ஊர்க்காரர்களுக்கும் குழுவுக்கும் என்ன உறவு?

இந்தப் பக்கத்திலேயே இதுதான் முக்கியமான கேள்வி. கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1994-இல். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது அண்மையில்தான். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அடிக்கிறார்கள். அரசாணைக்கும் முன்னால், நம்மைப் போன்ற குழுக்களுக்கும் முன்னால் நடந்த காவல் அது. நாம் பிற்பாடு வந்தவர்கள். அந்த நினைப்போடு ஊருக்குள் போக வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்தும் நகரத்திலிருந்தும் வருகிற உறுப்பினர்களுக்குக் குளம் என்றால் பறவைதான் கண்ணில் படும். ஊர்க்காரருக்கு அதே குளம் பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர். மழை ஏமாற்றிய வருடத்தில் மடையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லையே, குளம் வற்றக் கூடாதே என்று நமக்குத் தவிப்பாக இருக்கும். அந்த நேரத்தில் விவசாயிகளிடம் பேசாமல் கலெக்டருக்கு நேரே மனு எழுதும் குழு, அந்த ஊரில் பிறகு தண்ணீர் வாங்கிக்கூடக் குடிக்க முடியாது. நாங்கள் முதலில் போவது பாசன சங்கத்தாரிடம். நீலத் தாழைக்கோழி நாற்றை முறித்துப்போட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பறவையின் அருமையை விளக்க ஆரம்பிக்காதீர்கள். வயலுக்குப் போய்ப் பாருங்கள். அவர் நட்டம் உண்மையானது.

கருவேல மர விஷயமும் இப்படித்தான். சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் பல குளங்களில் நாட்டுக் கருவேலத்தோடு அதிலும் பறவை கூடு கட்டுகிறது. கூட்டில் குஞ்சு இருக்கும் மாதத்தில் ஜேசிபி இறங்கக் கூடாது, நாட்டு மரம் வளரும் முன்னால் மொத்தத்தையும் மொட்டை அடிக்கக் கூடாது என்பது எங்கள் நிலை. விறகுக்கும் கரிக்கும் அதை நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு, அவர்களையும் கேட்டுவிட்டுத்தான் தீர்மானம் போடுகிறோம்.

செயற்குழுவில் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு இடம் வேண்டும் என்று நான் எப்போதும் வாதாடுவேன். கோடையில் குளத்துக்குள் கிடை போடும் ஆட்டுக்காரருக்கு ஆள்காட்டிப் பறவை எந்த மேட்டில் முட்டை இட்டிருக்கிறது என்பது தெரியும். நம் தொலைநோக்கிக்கு அது தெரிவதில்லை. கூட்டத்தையும் ஏசி ஹாலில் போடாமல் மையத்துத் திண்ணையில் போட்டால் அவர் வருவார்.

துறை அதிகாரியோடு கருத்து வேறுபட்டால்?

நேரில் போய்ச் சொல்லுங்கள், பிறகு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். முகநூலில் திட்டிவிட்டு மறுநாள் அனுமதி கேட்டுப் போய் நிற்பது நடக்கிற காரியம் அல்ல. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். போன அதிகாரி வாயால் ஒத்துக்கொண்டது வந்தவருக்குத் தெரியாது. எழுத்தில் இருந்தால் அங்கிருந்து தொடரலாம்.

கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டதை நான் மட்டும் எதிர்க்கலாமா?

தாராளமாக. எதிர்த்ததை மினிட் நோட்டில் எழுதச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு. பெரியவர்கள் இருக்கும் சபையில் எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று இளைஞர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து வாட்ஸ்அப்பில் பேசுவதுதான் மரியாதைக் குறைவு. ஆனால் ஒன்று, பெரும்பான்மை முடிவு எடுத்தாகிவிட்டால் வெளியில் அது குழுவின் முடிவு. "நான் அப்போதே வேண்டாம் என்றேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரியக் கூடாது.

என் மைத்துனர் அச்சகம் வைத்திருக்கிறார், குறைந்த விலைக்குச் செய்து தருவார். தரலாமா?

தரலாம், ஆனால் உறவைக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேறு இரண்டு கடைகளிலும் விலை கேட்டு வாங்க வேண்டும். முடிவு எடுக்கும்போது நீங்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மினிட் நோட்டில் அது பதிவாக வேண்டும். நெல்லைப் பக்கத்தில் எங்கே தொட்டாலும் ஒரு சொந்தம் வரும், அதை ஒளிக்காமல் இருந்தாலே போதும்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும்போது செயற்குழுவின் பொறுப்பு என்ன?

முழுப் பொறுப்பு. குளம் மேலே பார்க்கச் சமமாகத்தான் தெரியும். கோடையில் வண்டல் அள்ளிய இடங்களில் திடீர்ப் பள்ளங்கள் இருக்கும், மழைக்குப் பிறகு அவற்றைத் தண்ணீர் மூடிவிடும். முழங்கால் ஆழம் என்று கால் வைத்த இடத்தில் ஆள் ஆழம் இருக்கலாம். எந்த இடத்தில் பள்ளம் என்று ஊர்க்காரரிடம் கேட்டு, அந்தப் பக்கம் கயிறு கட்டிய பிறகுதான் பிள்ளைகளைக் கரையில் விடுகிறோம். பெற்றோர் கையெழுத்து, ஆசிரியர், பெண் தொண்டர் ஒருவர், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, நீச்சல் தெரிந்த ஒருவர், இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைய நிகழ்ச்சி ரத்து. தலைமையாசிரியர் வருத்தப்பட்டாலும் ரத்துதான்.

அடிபட்ட பறவை கிடைத்தால் குழுவில் யாராவது வீட்டில் வைத்து வளர்க்கலாமா?

கூடாது. காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாக மூடி, வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நன்கொடை தருபவர் பேரில் பெரிய கல்வெட்டு வைக்கலாமா?

என் கருத்தில் வேண்டாம். மையத்து வளாகம் நம்முடையது அல்ல என்பதால் துறை அனுமதி இல்லாமல் வைக்கவும் முடியாது. ஆண்டறிக்கையில் பேர் போட்டு நன்றி சொல்கிறோம்.

சென்னையில் வேலை. செயற்குழுவில் இருக்க முடியுமா?

துணைவிதி இடம் தருவதால் வீடியோ வழியாகக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். விண்ணப்பம் எழுதுவது, கணக்கைத் தட்டச்சு செய்வது என்று தூரத்திலிருந்து செய்ய நிறைய வேலை இருக்கிறது. ஆனால் ஜனவரிக் கணக்கெடுப்புக்காவது நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்து வந்துவிடுங்கள். குளத்தைப் பார்க்காமல் குளத்தைப் பற்றி முடிவு எடுக்க முடியாது.

பெண்கள் நிற்கலாமா என்று சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். கட்டாயம் நில்லுங்கள். கூட்டம் இருட்டிய பிறகு முடிந்தால் பஸ் கிடைக்காது என்பதால் ஞாயிறு காலைக்கு மாற்றியிருக்கிறோம்.

நடுவில் விலக வேண்டியிருந்தால்?

செயலாளருக்கு எழுத்தில் விலகல் கடிதம் கொடுங்கள். அது கூட்டத்தில் ஏற்கப்பட்டு, படிவம் 7 போகும் வரை உங்கள் பேர் பதிவில் இருக்கும். செக்கில் கையெழுத்துப் போடுபவராக இருந்தால் வங்கிக்குத் தனியாகத் தீர்மான நகல் கொடுத்து மாற்ற வேண்டும், அதில் தாமதம் வேண்டாம். அலமாரிச் சாவி, மின்னஞ்சல் கடவுச்சொல், ரசீதுப் புத்தகம், வீட்டில் இருக்கும் தொலைநோக்கி, இவற்றைப் பட்டியல் போட்டு, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். பள்ளி ஆசிரியர்கள், பாசன சங்கத்தார் போன் நம்பர்களையும் அதே பட்டியலில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் புதியவரை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய் அவர்களிடம் நேரில் அறிமுகம் செய்துவையுங்கள்.